மகன் மன்னித்தான். மற்றவர்கள்?

கொடியவன் ஒருவன் சாகும் நேரத்தில் நல்லவனாகிவிட்டால், அவன் அதுவரை செய்தவை என்னவாகின்றன? இந்தக் கேள்வியை எம்மிடம் எழுப்பியது எந்தத் தத்துவ நூலுமல்ல. பிள்ளைகளோடு கூடியிருந்து பார்த்த ஒரு விண்வெளிப் படம்தான். ஸ்ரார் வோர்ஸ் வரிசையில் 1983இல் வெளிவந்த மூன்றாவது படம் அது. டாத் வேடர் இறந்து, அவனுக்கு மகன் லூக் சிதை மூட்டும் காட்சி முடிந்ததும், "அப்ப இவன் நல்லவன்தானே?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். ஓம் என்று சொல்ல எமக்கு வாய் வரவில்லை. இல்லையென்று சொல்லவும் மனம் வரவில்லை.

வேடர் சாதாரண வில்லன் அல்ல. தவறிழைத்த தன் அதிகாரிகளையே கைபடாமல் கழுத்தை நெரித்துக் கொன்றவன். 1980இல் வந்த இரண்டாவது படத்தில் லூக்கின் கையை வெட்டிவிட்டு, நானே உன் தகப்பன் என்று சொன்னவன். மூன்றாவது படத்தில் லூக் அவனைத் தேடி வருவது கொல்வதற்காக அல்ல, மீட்பதற்காக. அவன் இப்போது மனிதனைவிட இயந்திரமே அதிகம் என்று குருவான ஒபி-வான் எச்சரித்தும் லூக் கேட்கவில்லை. ஆனால், சகோதரியையும் தன் பக்கம் இழுப்பேன் என்று வேடர் மிரட்டியபோது அவனுக்கு வெறி பிடிக்கிறது. தகப்பனின் கையை வெட்டுகிறான். வெட்டுண்ட இடத்தில் கம்பிகள் தெரிகின்றன. தன் கையைப் பார்க்கிறான். அதுவும் இயந்திரக் கை. வாளை எறிந்துவிடுகிறான்.

எம்மைப் பொறுத்தவரை படத்தின் உச்சம் அந்த இடமே. எதிரியை வெட்டிக்கொண்டு போனால் எதிரியாகவே ஆகிவிடுவோம் என்பதை ஒருவன் தன் கையிலேயே கண்டுகொள்கிறான். அதன் பின்புதான் சக்கரவர்த்தி லூக்கை மின்னலால் வதைக்க, அதைப் பார்த்து நின்ற வேடர் அவனைத் தூக்கிப் பாதாளத்தில் எறிகிறான். அந்த மின்னல் தன்னையும் கொல்கிறது. அவனுக்கு யாரும் பொதுமன்னிப்பு வாக்களிக்கவில்லை. பதவியோ உயிரோ கிடைக்கப்போவதில்லை. ஆகவே அந்த மாற்றம் பொய்யல்ல. எந்தக் கொடியவனுக்கும் திரும்பி வர ஒரு வாசல் திறந்திருக்க வேண்டும் என்பதையும் நாம் மறுக்கவில்லை. வாசலே இல்லையென்று தெரிந்தவன் கடைசிவரை கொன்றுகொண்டேயிருப்பான்.

ஆயினும் அவன் காப்பாற்றியது தன் சொந்தப் பிள்ளையை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள் எமது ஊரில். மின்னலில் துடித்தவன் ஊர்பேர் தெரியாத ஒருவனின் மகனாக இருந்திருந்தால் வேடர் அசைந்திருப்பானா? அத்தனை வருடங்களாக அவன் அசையவில்லை என்பதே படம் தரும் விடை.

இங்குதான் லேயாவை நினைக்க வேண்டியிருக்கிறது. 1977இல் வந்த முதலாவது படத்தில் அவளைச் சிறையில் அடைத்து ஊசியோடு மிதந்துவரும் இயந்திரத்தைக் கொண்டு விசாரித்தவன் வேடர். அவள் வளர்ந்த அல்டெறான் என்ற கிரகத்தை அவள் கண்முன்னாலேயே தூள்தூளாக்கியபோது, அவளது தோளைப் பிடித்தபடி பின்னால் நின்றவனும் அவனே. கட்டளையிட்டது வேறொருவன் என்பது உண்மை. ஆனால் அந்தக் கை அவளை விடவில்லை.

அவளும் அவனது பிள்ளைதான். அப்படி ஒரு மகள் உண்டென்று அவன் அறிவது சாவுக்குச் சற்று முன்னர். முகமூடியைக் கழற்றச் சொல்லி மகனைத் தன் கண்ணால் பார்த்தவன், மகளுக்கும் ஒரு செய்தி சொல்லி அனுப்புகிறான்: தன்னைப் பற்றி லூக் நம்பியது சரி என்று அவளிடம் சொல்ல வேண்டுமாம். அதில் மன்னிப்புக் கேட்கும் சொல் ஒன்றுகூட இல்லை. சிதையருகிலும் லூக் தனியாகவே நிற்கிறான். வெட்டப்பட்ட தன் கைக்காக லூக் மன்னிக்கலாம். அது அவனுடைய கை. அல்டெறானுக்காக மன்னிக்க அவன் யார்?

பின்னாளில் இந்தக் கணக்கு இன்னும் பாரமாகியது. 2005இல் வந்த படத்தில், வேடராக மாறும் அதே மனிதன் ஜெடாய் ஆலயத்தில் சிறுவர்களைக் கொல்கிறான். அதற்கு முந்திய வருடம் வெளியான டிவிடி பதிப்பிலோ, கடைசிக் காட்சியில் ஆவியாகத் தோன்றும் முதிய முகத்தை நீக்கிவிட்டு, அவனது இளமைக்கால முகத்தைப் பொருத்தினார்கள். நடுவிலிருந்த அட்டூழிய வருடங்களைத் துணியால் துடைத்துவிட்டது போலிருந்தது எமக்கு. திருந்தியவனுக்கு அவனது வயதான முகமே பொருத்தமானது. செய்தவை அந்த முகத்தில்தான் இருக்கின்றன.

போர் தின்ற மண்ணிலிருந்து வந்த எமக்கு இது வெறும் படக்கதையாகத் தோன்றாததில் வியப்பில்லை. வீட்டில் அருமையான தகப்பன்களாக இருந்தவர்கள் வெளியில் பிறர் பிள்ளைகளுக்கு என்ன செய்தார்கள் என்பதை நாம் அறிவோம். எல்லாத் தரப்பிலும் அறிவோம். அவர்களில் ஒருவர் முதுமையில் கண்கலங்கினால் அந்தக் கண்ணீர் பொய் என்று நாம் சொல்லப்போவதில்லை. ஆனால் திருந்துவது அவருடைய காரியம். மன்னிப்பது பாதிக்கப்பட்டவருடைய காரியம். முதலாவது நடந்துவிட்டதென்று இரண்டாவதை யாரும் அவர்களிடம் கடனாகக் கேட்க முடியாது.

பிள்ளைகளுக்கு நாம் ஒருவாறு சொன்ன பதில் இதுதான்: அவன் கடைசியில் ஒரு நல்ல காரியம் செய்தான், அது உண்மை. அவன் செய்த மற்றவையும் உண்மை.

படத்தின் முடிவில் எல்லோரும் ஆடிப்பாடிக் கொண்டாட, சற்று விலகி நின்று தகப்பனின் ஆவியைப் பார்த்துப் புன்னகைக்கிறான் லூக். லேயா வந்து அவனது கையைப் பிடித்து அழைத்துப் போகிறாள். அந்த ஆவி அவளுக்குத் தெரிந்ததாகப் படம் காட்டவில்லை. அவளை ஒருவரும் எதுவும் கேட்கவுமில்லை.