எளிய மக்கள் நினைவும் நகர வரலாற்று அறமும்: ஆரியசாலையை முன்வைத்து

முன்னுரை

நகரங்களின் வரலாறு பெரும்பாலும் மன்னர், திவான், அரண்மனை, சட்டம் ஆகியவற்றை முதன்மைப்படுத்தியே எழுதப்பட்டுள்ளது. எளிய மக்களின் நினைவுகளையும் வரலாற்று மூலங்களாகக் கொள்ளும் போக்கு பின்னரே வலுப்பெற்றது. இம்மாற்றம் வரவேற்கத்தக்கதே. எனினும், ஒருவர் கூறும் நினைவு ஆவணத்தோடு முரணும்போது ஆய்வாளர் செய்ய வேண்டுவது யாது என்பது ஆய்வுமுறைச் சிக்கல் மட்டுமன்று, அறச்சிக்கலும் ஆகும். திருவனந்தபுரம் ஆரியசாலையையும் அதனையொட்டிய சாலைக் கடைத்தெருவையும் களமாகக் கொண்டு இவ்வினாவை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

ஆவணக் காலமும் நினைவுக் காலமும்

கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கி நீளும் சாலைக் கடைத்தெரு, கார்த்திகைத் திருநாள் இராமவர்மர் (1758–1798) ஆட்சியில் திவானாக விளங்கிய இராஜா கேசவதாசரால் வளர்த்தெடுக்கப்பட்டது. நாஞ்சில் நாட்டுத் தமிழ் வணிகர் பலர் இங்குக் குடியேறினர். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவனந்தபுரம் கேரளத்தின் தலைநகராயிற்று. ஆவணத்தில் இஃது ஒரு நாள் நிகழ்வு. கடைத்தெருவில் வாழ்ந்த நாஞ்சில் நாட்டாருக்கோ, தாம் ஓரடியும் பெயராமலே பிறந்த ஊர் வேற்று மாநிலமான நெடிய அனுபவம்.

நவராத்திரி தோறும் பத்மநாபபுரத்துச் சரசுவதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய திருமேனிகள் திருவனந்தபுரம் கொண்டுவரப்படுவதும், குமாரசுவாமி ஆரியசாலை தேவி கோயிலில் தங்குவதும் மரபு. எல்லை மாறிய பின்னரும் இவ்வழக்கம் நின்றுவிடவில்லை. ஆகவே, அரசாணையைக் கொண்டு காலத்தை அளப்பவரும் திருவிழாவைக் கொண்டு அளப்பவரும் ஒரே தெருவில் வாழ்ந்தனர் எனலாம். இவ்விரு காலக்கணக்குகளும் ஒன்றையொன்று பொய்யாக்குவன அல்ல.

பிழையின் பொருள்

நினைவு தவறுவதும் உண்டு. இத்தாலியின் தெர்னி நகரில் லூயிசி திராசுத்துல்லி என்னும் தொழிலாளி 1949-இல் ஓர் எதிர்ப்புப் போராட்டத்தின்போது கொல்லப்பட்டார். ஆனால் அந்நகரத் தொழிலாளர் பலர் அச்சாவினை 1953-ஆம் ஆண்டின் ஆட்குறைப்புப் போராட்டத்தோடு இணைத்தே நினைவுகூர்ந்தனர். இதனை ஆராய்ந்த அலெசாந்திரோ போர்த்தெல்லி, அப்பிழையை ஒதுக்காது, அச்சாவுக்கு மக்கள் அளித்த பொருளை உணர்த்தும் சான்றாகக் கொண்டார். ஆண்டினை ஆவணத்திலிருந்தும், அந்நிகழ்வு மக்களுக்கு எவ்வாறு பொருள்பட்டது என்பதனை நினைவிலிருந்தும் பெறலாம் என்பது இதனால் விளங்கும்.

ஆயினும் எல்லாப் பிழைகளும் ஒரு தன்மையன அல்ல. தம் துயரின் நாளை மாற்றிக் கூறுபவர் எவருக்கும் தீங்கிழைப்பதில்லை. மாறாக, ‘அக்காலத்தில் தெரு எல்லார்க்கும் பொதுவாக இருந்தது’ என ஒருவர் நினைவுகூர்வதாகக் கொள்வோம். அவர் பொய்யுரைக்கவில்லை, அவர் கண்ட தெரு அத்தகையதே. ஆனால் பொதுவழியில் செல்லும் உரிமைக்காக 1893-இல் அய்யன்காளி வில்வண்டியேறிச் செல்ல நேர்ந்தது இதே திருவிதாங்கூரில்தான். 1936 நவம்பர் 12-இல் வெளிவந்த ஆலயப் பிரவேச விளம்பரம் வரை ஒடுக்கப்பட்டோர்க்குக் கோயில் வாயில்கள் அடைபட்டிருந்தன. இத்தகைய நினைவைத் திருத்தாமல் வெளியிடுவது பணிவுபோலத் தோன்றினும், பிறர் பட்ட துயரை மறைப்பதற்குத் துணைபோவதாகும். நினைவு யாருடைய துயரைக் கூறுகிறது, யாருடைய துயரை மறைக்கிறது என்பதே இங்கு அளவுகோலாதல் வேண்டும்.

எளியோருள் வேற்றுமை

‘எளிய மக்கள்’ என்னும் தொடரும் ஆராய்தற்குரியது. கடை உரிமையாளரும் அக்கடைக்கு மூட்டை சுமந்தவரும் அரண்மனையை நோக்க எளியோரே; தம்முள் சமமானவர் அல்லர். முன்னவரிடம் கணக்கேடும் நிழற்படமும் எஞ்சியிருக்க வாய்ப்புண்டு. பின்னவருக்கோ பெரும்பாலும் நினைவு ஒன்றே ஆவணம். சுமைத் தொழிலாளர்க்கெனக் கேரளத்தில் தனிச்சட்டம் இயற்றப்பட்டது 1978-இல்தான் என்பது நோக்கத்தக்கது. எளிதில் கிட்டும் நினைவுகளோடு ஆய்வு நின்றுவிடுமாயின், அரண்மனை வரலாற்றின் இடத்தில் கடைமுதலாளி வரலாறு அமருமேயன்றி வேறு பயன் விளையாது.

சாலைத் தெருவில் வணிகம் செய்துகொண்டே அத்தெருவின் விளிம்புநிலை மாந்தரைக் கதைகளாக்கிய ஆ. மாதவன் (மறைவு 2021), கடையின் உள்ளிருந்தும் வெளியே நோக்க இயலும் என்பதற்குச் சான்றாவார். ஆனால் புனைகதையாசிரியர் பெயரையும் நிகழ்வையும் மாற்றிக்கொள்ளலாம். ஆய்வாளர்க்கு அவ்வுரிமை இல்லை. எனவே, பெயரை வெளியிடுதற்கு உரியவரின் இசைவைப் பெறுதலும், அவர் கூற விரும்பாததை வற்புறுத்திப் பெறாதிருத்தலும் அவரது கடமைகளாகின்றன. மறக்க விரும்புதலும் ஒருவரின் உரிமையே.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. தன் துயரைக் கூறும் நினைவில் பிழையிருப்பின், அதனை நீக்காது ஆவணத்தோடு அருகருகே வைத்தல் வேண்டும். பிறர் துயரை மறைக்கும் நினைவைப் பிறர் நினைவாலும் ஆவணத்தாலும் எதிர்கொள்ளுதல் வேண்டும். நினைவன்றி வேறு சான்றில்லாதோரை முதலில் தேடிச் செல்லுதல் வேண்டும். இம்மூன்றனுள் கடையதே காலத்தால் முந்திச் செய்யத்தக்கது. ஏடு நூலகத்தில் காத்திருக்கும், முதியோர் காத்திரார்.