பட்டம் பெற்ற பிள்ளை பட்டாளத்துக்குப் போகலாமா?

அண்மையில் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தோம். நமக்கு நெடுநாள் பழக்கமான பெரியவர் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு வந்து, ஸலாம் கூறி அருகில் அமர்ந்தார். திருச்சியில் படித்து அவ்வாண்டுதான் பட்டம் பெற்ற பிள்ளை. கல்லூரியில் தேசிய மாணவர் படையில் இருந்தவர்.

"நீங்கதான் இவனுக்குப் புத்தி சொல்லணும். பட்டாளத்துக்குப் போறேன்னு ஒத்தைக் கால்ல நிக்கிறான். இவங்கம்மா மூணு நாளா சரியாச் சாப்பிடலை" என்றார் பெரியவர்.

மகன் தலை குனிந்தபடியே சொன்னார்: "அத்தா, நான் துபாய்க்குப் போறேன்னு சொல்லியிருந்தா நீங்களே விசாவுக்கு அலைஞ்சிருப்பீங்க. அங்கே போனவங்க யாருமே மவுத்தாகலையா?"

பெரியவருக்குப் பதில் வரவில்லை. உண்மையைச் சொன்னால், நமக்கும் உடனே வரவில்லை. மறுநாள் வாருங்கள் என்று அனுப்பிவிட்டு, அன்றிரவு நாம் சிந்தித்துப் பார்த்தவற்றையே இங்கு எழுதுகிறோம். இது ஒரு வீட்டுப் பிரச்சினை மட்டுமன்று. பல வீடுகளில் பேசப்படாமலே அடங்கிப் போகும் பிரச்சினை.

இரண்டு தவறான பதில்கள்

'போகாதே' என்பதற்கு நம் வீடுகளில் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. ஒன்று, உயிருக்கு ஆபத்து. உறுதியான கோட்டைகளுக்குள் இருந்தாலும் மரணம் உங்களை அடைந்தே தீரும் என்று திருமறை கூறுவதை ஓதிக்கொண்டே, பிள்ளையின் ஆயுளை நாமே கணக்கிட முற்படுவது பொருந்தாது. மற்றொன்று, 'நம் பிள்ளைகளை அங்கே மதிக்க மாட்டார்கள்' என்பது. இந்திய விமானப் படைக்கு 1978 முதல் 1981 வரை தலைமைத் தளபதியாக இருந்தவர் ஹைதராபாத்தில் பிறந்த இத்ரீஸ் ஹஸன் லத்தீஃப். 1965 செப்டம்பரில் பஞ்சாபின் கேம்கரண் பகுதியில் ஜீப்பில் பொருத்திய பீரங்கியுடன் டாங்கிகளை எதிர்த்து நின்று உயிர் நீத்து, பரம் வீர் சக்ரா விருது பெற்ற ஹவில்தார் அப்துல் ஹமீது, காஜிப்பூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தையற்காரரின் மகனாகப் பிறந்தவர். மன வருத்தம் தரும் அனுபவங்கள் சிலருக்கு நேரலாம். எந்த அலுவலகத்தில்தான் நேரவில்லை? அதைக் காரணமாக்கிக் கதவை நாமே சாத்திக்கொள்வது சரியன்று.

'போகிறேன்' என்பதற்கு வாலிபர்கள் சொல்லும் காரணங்களும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன: மிடுக்கான உடுப்பு, நல்ல சம்பளம், ஊரில் மரியாதை. மறுமையில் முதன்முதலாக விசாரிக்கப்படுவோரில் ஒருவன், போர்க்களத்தில் உயிரையே கொடுத்தவன் என்றும், 'வீரன் என்று பேர் வாங்கவே போரிட்டாய், அந்தப் பேரும் உனக்குக் கிடைத்துவிட்டது' என்று கூறப்பட்டு அவன் நரகில் எறியப்படுவான் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். உயிரைக் கொடுத்தவனுக்கே இந்த நிலை என்றால், உடுப்புக்காகப் போகிறவன் எம்மாத்திரம்?

காவல் என்பது சிறிய காரியமன்று

நம் நாட்டு ராணுவப் பணியை ஜிஹாத் என்று நாம் சொல்ல வரவில்லை. அது பல சமயத்தாரும் சேர்ந்து வாழும் ஒரு நாட்டைக் காக்கும் ஒப்பந்தப் பணி. ஆனால் அதற்கும் நம் மார்க்க வரலாற்றில் முன்மாதிரி இருக்கிறது. நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்ததும் அங்கிருந்தோருடன் செய்த உடன்படிக்கையில், ஊரின் மீது யார் படையெடுத்து வந்தாலும் முஸ்லிம்களும் யூதர்களும் சேர்ந்தே அதைக் காக்க வேண்டும் என்பது ஒரு நிபந்தனை.

ஒரு நாள் இரவு மதீனாவில் ஏதோ பெருஞ்சத்தம் கேட்டு மக்கள் நடுங்கி வெளியே ஓடிவந்தார்கள். அவர்களுக்கு முன்பே நாயகம் (ஸல்) அவர்கள், அபூதல்ஹா (ரலி) அவர்களின் குதிரையில் சேணம்கூட இல்லாமல் ஏறி, வாளைத் தோளில் மாட்டிக்கொண்டு, சத்தம் வந்த திசைக்குத் தனியே சென்று பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பயப்பட வேண்டாம் என்று மக்களைத் தேற்றினார்கள். ஊர் உறங்க ஒருவர் விழித்திருப்பதன் சிறப்பை இதைவிட எப்படிச் சொல்வது? 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மொட்டை மாடிகளில் தவித்தவர்களைப் படகில் ஏற்றிய படைவீரர்கள் யாருடைய மதத்தையும் கேட்டுக் கை கொடுக்கவில்லை. அப்பணியில் நம் பிள்ளைகளுக்கும் பங்கு வேண்டும் என்று நினைப்பதில் குற்றமில்லை.

ஆனால் இது ஒரு பக்கம். மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்.

ஆயுதத்தின் பாரம்

ராணுவத்தில் சேர்வது மற்ற உத்தியோகங்களைப் போன்றதன்று. குமாஸ்தா தவறு செய்தால் கணக்கைத் திருத்தலாம். கொத்தனார் தவறு செய்தால் சுவரை இடித்துக் கட்டலாம். போன உயிரைத் திருப்பித் தர யாராலும் இயலாது. அநியாயமாக ஓர் உயிரைக் கொல்வது மனித குலம் முழுவதையும் கொல்வதற்குச் சமம் என்பது திருமறையின் தீர்ப்பு.

ஸஹாபாக்களில் வாலிபரான உஸாமா (ரலி) அவர்களின் நிகழ்ச்சி நமக்குத் தெரிந்ததே. போர்க்களத்தில் அவர் வீழ்த்த நெருங்கியபோது எதிரி கலிமாவை மொழிந்தான். பயத்தால் சொல்கிறான் என்று கருதி அவர் அவனைக் கொன்றுவிட்டார். செய்தி கேட்ட நாயகம் (ஸல்) அவர்கள், அவனுடைய இதயத்தைப் பிளந்து பார்த்தாயா என்று கேட்டார்கள். திரும்பத் திரும்பக் கண்டித்தார்கள். அன்றுதான் தாம் இஸ்லாத்தில் சேர்ந்திருக்கக் கூடாதா என்று உஸாமா (ரலி) ஏங்கும் அளவுக்குக் கண்டித்தார்கள். ஆனால் அதே உஸாமாவைத்தான் தம் இறுதி நாட்களில் ஒரு படைக்குத் தளபதியாகவும் நியமித்தார்கள். ஓர் உயிருக்காக நெஞ்சு நடுங்கியவரின் கையில் ஆயுதம் ஒப்படைக்கப்பட்டது. இதில் நமக்குப் பெரிய பாடம் இருக்கிறது. கொல்வதற்கு அஞ்சாதவன் பட்டாளத்துக்குப் போகக் கூடாது. அஞ்சுகிறவன் போனால் அந்தப் பட்டாளத்துக்கே நல்லது.

கீழ்ப்படிதலுக்கு எல்லை உண்டா?

நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு சிறு படையை அனுப்பி, தலைவருக்குக் கீழ்ப்படியுமாறு கட்டளையிட்டார்கள். வழியில் ஏதோ கோபம் கொண்ட அத்தலைவர், விறகு சேர்த்துத் தீ மூட்டச் செய்து அதில் குதிக்கும்படி வீரர்களுக்கு உத்தரவிட்டார். தீயிலிருந்து தப்பவே நபியிடம் வந்தோம் என்று சொல்லி அவர்கள் தயங்கி நிற்கையில் தீயும் தணிந்தது, கோபமும் தணிந்தது. பின்னர் இதைக் கேள்வியுற்ற நாயகம் (ஸல்) அவர்கள், அவர்கள் அதில் நுழைந்திருந்தால் ஒருபோதும் வெளியேறியிருக்க மாட்டார்கள் என்றும், கீழ்ப்படிதல் என்பது நன்மையான காரியத்தில்தான் என்றும் தெளிவுபடுத்தினார்கள்.

நம் நாட்டுச் சட்டமும் இதற்கு முரணாக இல்லை. 1950-ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம் 41-வது பிரிவில், சட்டப்படியான உத்தரவை மீறுவதைத்தான் குற்றம் என்கிறது. போர்க் கைதிகளையும் காயமுற்றோரையும் சாதாரண மக்களையும் காக்கும் 1949-ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகளை இந்தியா ஏற்று, 1960-இல் அதற்கெனத் தனிச் சட்டமும் இயற்றியிருக்கிறது. பெண்களையும் குழந்தைகளையும் கொல்லாதீர்கள் என்று பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே தடுக்கப்பட்ட சமுதாயம் நாம். 'மேலதிகாரி சொன்னார், செய்தேன்' என்ற பதில் கப்ரில் செல்லாது. கையை இன்னொருவரின் உத்தரவுக்கு ஒப்படைக்கலாம். கணக்கை ஒப்படைக்க முடியாது.

எதிரில் நிற்பவர் முஸ்லிமாக இருந்தால்?

இக்கேள்வியை நாம் மறைக்க விரும்பவில்லை. பிரிகேடியர் முஹம்மது உஸ்மான் 1947-இல் தம் பலூச் ரெஜிமெண்ட் பாகிஸ்தானுக்குச் சென்றபோது இந்தியாவில் தங்கினார். 1948-இல் நவ்ஷேராவைக் காத்து, ஜங்கரை மீட்டு, ஜூலை 3-ஆம் தேதி எதிரியின் பீரங்கிக் குண்டுக்குப் பலியானார். அவருக்கு 36 வயது நிறைய அப்போது 12 நாட்கள் இருந்தன. அவருடைய கப்ரு டில்லி ஜாமிஆ மில்லியாவில் இருக்கிறது. அவர் எதிர்த்து நின்றவர்கள் முஸ்லிம்களே.

உறவும் இனமும் நீதிக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்பதும், பெற்றோருக்கே பாதகமானாலும் நீதியில் நிலைத்திருக்க வேண்டும் என்பதும் திருமறைக் கட்டளை. மார்க்கத்தின் பெயரால் உதவி கேட்போருக்கு உதவுங்கள் என்று சொல்லும் அல்-அன்ஃபால் அத்தியாயத்தின் 72-வது வசனமே, நீங்கள் உடன்படிக்கை செய்துகொண்டவர்களுக்கு எதிராக அவ்வுதவி கூடாது என்று விலக்கும் அளிக்கிறது. ஹுதைபிய்யாவில் விலங்குடன் ஓடிவந்த அபூஜந்தல் (ரலி) அவர்களை, கொடுத்த வாக்கிற்காக நாயகம் (ஸல்) அவர்கள் திருப்பி அனுப்பியதை நினைத்துப் பாருங்கள். உடன்படிக்கை அவ்வளவு கனமானது.

அதே வேளையில், ஒப்பந்தம் அநியாயத்தை நியாயமாக்கிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்தக் கேள்வியைத் தாங்க முடியாத உள்ளம் உடையவர் சேராமல் இருப்பதே நேர்மை. அதில் இழிவு எதுவுமில்லை.

வணக்கங்கள்

போர்க்களத்தில் எதிரி எதிரே நிற்கும்போதும் ஒரு பிரிவினர் காவல் நிற்க, ஒரு பிரிவினர் தொழ வேண்டும் என்று அந்நிஸா அத்தியாயத்தில் முறை வகுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே பட்டாளத்தில் தொழ முடியாது என்பது சாக்கு. முஸ்லிம் வீரர்களுக்காக மவுலவிகளை ராணுவமே நியமிக்கிறது. உணவிலும் மதுவிலும் பேணுதல் நம் கையில்தான் இருக்கிறது. வற்புறுத்தி யாரும் வாயில் ஊற்றுவதில்லை. தாடி விஷயத்தில் சிரமம் உண்டு. 2016 டிசம்பரில் விமானப் படை வீரர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளிக்கவில்லை. இதை முன்கூட்டியே அறிந்து, ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்து முடிவு செய்ய வேண்டும். சேர்ந்த பின் முறையிடுவதில் பயனில்லை.

கையெழுத்துக்கு முன்

நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். ஐயங்கள் அனைத்துக்கும் உரிய நேரம் கையெழுத்துக்கு முந்திய நேரம்.

பட்டதாரிகள் மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வெழுதி, ஐந்து நாள் நேர்முகத் தேர்விலும் உடற்தகுதியிலும் தேறினால், சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி நிலையத்தில் சேரலாம். அங்கு முடித்துக் குறுகிய காலப் பணியில் சேர்ந்தால் 10 ஆண்டுகள்; விரும்பினால் மேலும் 4 ஆண்டுகள். நினைத்த நாளில் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வர முடியாது. தரை வழியோ கடல் வழியோ வான் வழியோ, அனுப்பும் இடத்துக்கு உயிருக்கு ஆபத்து நேரினும் செல்வேன் என்று ஆண்டவன் பெயரால் சத்தியம் செய்ய வேண்டும். ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்ற இறைக் கட்டளையின் கீழ் வாழும் நமக்கு அது வெறும் சடங்கன்று.

குத்துச் சண்டை வீரர் முஹம்மது அலி, 1967 ஏப்ரல் 28-இல் அமெரிக்க ராணுவம் கட்டாயமாக அழைத்தபோது, வியட்நாம் போருக்குப் போக மறுத்தார். பெயர் சொல்லி அழைக்கப்பட்டவர்கள் ஓர் அடி முன்னே வைத்தால் சேர்ந்ததாகப் பொருள். அவர் அந்த அடியை வைக்கவில்லை. பட்டம் பறிபோயிற்று, ஐந்தாண்டு தண்டனை விதிக்கப்பட்டது, 1971-இல்தான் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அவர் மறுப்பும் சத்தியம் செய்வதற்கு முன்பே வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் கட்டாயமே இல்லை. எனவே அந்த அடியை வைப்பதும் வைக்காததும் முழுக்க முழுக்க நம் பொறுப்பு.

பெற்றோரின் உரிமை

போருக்கு அனுமதி கேட்டு வந்த ஒருவரிடம், பெற்றோர் இருக்கிறார்களா என்று கேட்டு, அவர்களுக்குப் பணிவிடை செய்வதிலேயே பாடுபடு என்று நாயகம் (ஸல்) அவர்கள் அனுப்பிவைத்தார்கள். பெற்றோரை அழவிட்டு வந்த மற்றொருவரை, திரும்பிச் சென்று அழவைத்தவர்களைச் சிரிக்கவையுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். ஆகவே தாயின் கண்ணீர் மீது நடந்து எந்த வாலிபரும் பரங்கிமலைக்குப் போக வேண்டாம். பெற்றோரும் இந்த உரிமையை வெறும் அச்சத்துக்காகப் பயன்படுத்த வேண்டாம். பிள்ளை பேசட்டும், நீங்கள் கேளுங்கள்.

மறுநாள் வந்த தந்தையிடமும் மகனிடமும் இவற்றைத்தான் சொன்னோம். இஸ்திகாரா தொழுது, வீட்டில் மூவரும் அமர்ந்து பேசுங்கள் என்றோம். சில வாரங்கள் கழித்துப் பெரியவர் வந்தார். தாய் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: "உன்னை அநியாயம் பண்ணச் சொன்னா என்னடா செய்வே?" மகன் வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பண்ண மாட்டேம்மா. அதுக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்குவேன்" என்றாராம்.

"விண்ணப்பத்தை அவங்கம்மாவே எடுத்துக் கொடுத்துட்டாங்க" என்று சொல்லிப் பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தப் பிள்ளை தேறுவாரோ மாட்டாரோ, அது அல்லாஹ்வின் நாட்டம். ஆனால் அந்தத் தாய் கேட்ட கேள்வியை, பட்டாளத்துக்கு மட்டுமல்ல, எந்த உத்தியோகத்துக்குப் பிள்ளையை அனுப்பும் முன்பும் நம் வீடுகளில் கேட்டாக வேண்டும். ஆயுதம் ஏந்துவோர் கையில் நீதியையும், அவர்களைப் பிரிந்திருப்போர் நெஞ்சில் பொறுமையையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.