மரித்தவரைப் புகழ்வது தகுமா?



நம் பக்கத்துக் குடும்பங்களில் முதியவர் ஒருவர் மரித்தால், துக்கச் சீட்டில் மூன்று பட்டங்கள் அச்சாகின்றன: முன்னாள் இராணுவ வீரர், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைத் தொழிலாளி, சிறந்த குடும்பத் தலைவர். ஆனால் அடக்கப் பூசையில் சுவாமியார் இவற்றைப் பற்றிப் புகழுரை நிகழ்த்துவதில்லை. பிரசங்கம் உண்டு, புகழுரை கூடாது என்பது திருச்சபையின் விதி. "ஆயுள் முழுதும் உழைத்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று மனம் நோகிறவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆகையால் அந்த மூன்று பட்டங்களையும் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

1965, 1971 போர்களைக் கண்ட நம் ஜவான்களில் பலர் நாற்பது வயதாகுமுன்பே பென்ஷனுடன் ஊர் திரும்பினார்கள். பென்ஷன் போதாது, பிள்ளைகளோ சிறுவர்கள். அக்காலத்தில் மணலியில் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். இந்திய அரசு, அமெரிக்க, ஈரானிய எண்ணெய்க் கம்பெனிகளுடன் கூட்டுச் சேர்ந்து 1965-ல் தொடங்கிய மெட்ராஸ் ரிஃபைனரீஸ், ஆண்டுக்கு 25 லட்சம் டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலையாக 1969-ல் ஓடத் தொடங்கியது. (2000-ம் ஆண்டு முதல் அதன் பெயர் சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன்.) பள்ளிப்பட்டை நனைத்து ஓடும் கொசஸ்தலை ஆறும் கடைசியில் மணலிக்கு அருகே எண்ணூரில்தான் கடலோடு கலக்கிறது. பிழைப்பும் அந்தத் திசையிலேயே ஓடிற்று.

கச்சா எண்ணெயைச் சூளையில் காய்ச்சி, உயர்ந்த கோபுரத்தில் ஏற்றி, பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் என்று பிரித்தெடுக்கும் அந்த வேலை இரவு பகல் நிற்பதில்லை. கிறீஸ்து பிறப்புக்கும் பாஸ்குவுக்கும் சூளையை அணைக்க முடியாது. மாற்று ஆள் வந்து பொறுப்பேற்கும்வரை ஷிப்டுக்காரன் இடத்தை விட்டு நகரலாகாது. எல்லையில் பாராக் காத்தவனுக்கு இது புதிதன்று. அங்கே ஆண்டுக்கு இரண்டு மாத விடுப்பு. இங்கே வார விடுமுறை. ஆக, மகனின் புதுநன்மையன்றும் அவர் வீட்டில் இல்லை. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தன்றும் இல்லை.

அப்படியானால் "சிறந்த குடும்பத் தலைவர்" என்பது பொய்யா? பொய்யன்று. சம்பளத்தைக் குடித்துத் தீர்த்துக்கொண்டு தினமும் வீட்டிலேயே கிடந்தவர்களையும் நாம் கண்டிருக்கிறோமே! இவர் வீட்டில் இல்லாமலேயே வீட்டைத் தாங்கினார். அர்ச். சூசையப்பர் பேசிய ஒரு வார்த்தைகூட சுவிசேஷத்தில் இல்லை. அவருடைய உழைப்பைக் கொண்டே திருச்சபை அவரை அறிகிறது. 1955-ல் பாப்பரசர் 12-ம் பத்திநாதர் மே முதல் நாளைத் தொழிலாளரான அர்ச். சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தியதும் அதனாலன்றோ?

ஆயினும் அந்தப் பட்டத்தில் பாதி வேறொருவருக்கு உரியது. ஜுரத்தில் கொதித்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு திருத்தணி பஸ்ஸுக்கு ஓடியவள் யார்? ரேஷன் கடையில் நின்றவளும், சீட்டுப் பணம் கட்டியவளும், அப்பா எப்போது வருவார் என்ற கேள்விக்கு இரவுதோறும் பதில் சொன்னவளும் யார்? ஓய்வு பெற்று வந்த மனிதர் தம் வீட்டிலேயே விருந்தாளி போல் விழித்தபோது, பிள்ளைகளுக்கும் அவருக்கும் நடுவே நின்று பேசி இணக்கியவளும் அவளே. கணவனை மட்டும் புகழ்ந்து முடிக்கும்போது, எதிரே வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருப்பவளின் உடைமையில் பாதியை எடுத்து அவருக்குக் கொடுத்துவிடுகிறோம். புகழ்ச்சியின் குற்றம் அதுவே. அவரைப் பெரிதாகச் சொல்லிவிடுகிறோம் என்பதல்ல.

மேலும், புகழுரை குறையில்லாத மனிதனைத் தேடுகிறது. ஜெபத்துக்கு அந்தத் தேவையில்லை. பாசறையில் ஏவியதுபோல் பிள்ளைகளை ஏவிய கடுமையையும், சொல்லாமல் விட்ட அன்பையும் மறைக்காமல், அந்த ஆத்துமத்தை அப்படியே சர்வேசுரனுடைய இரக்கத்தில் ஒப்படைக்கலாம். பூசைக் கருத்தில் ஹவில்தார் என்றும் ஆபரேட்டர் என்றும் வாசிப்பதில்லை. ஞானஸ்நானப் பெயரை மட்டுமே வாசிக்கிறோம்.

கல்லறைத் திருநாளுக்குப் பூசைக் கருத்து எழுதிக் கொடுக்கும் பிள்ளைகள், மரித்தோர் வரிசையில் தகப்பனார் பெயரை எழுதியபின், உயிருள்ளோர் வரிசையில் தாயார் பெயரையும் எழுதுங்கள். எழுதுமுன் அவர் அருகில் சற்று உட்கார்ந்து, அப்பா இல்லாத அந்த ஆண்டுகள் எப்படிக் கழிந்தன என்று கேளுங்கள்.