மனுவில் ஒரு வார்த்தை

சில வருஷங்களுக்கு முன் ஒரு சிறுபத்திரிகையில் கோர்ட்டுத் தமிழைப் பற்றி ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். ‘மனுதாரர்’, ‘எதிர்மனுதாரர்’, ‘மேற்படி’ என்ற வார்த்தைகளுக்குள் நுழைந்ததுமே ஒரு தாம்பத்யம் செத்துப்போய்விடுகிறது, அனுபவம் இருந்த இடத்தில் படிவம் உட்கார்ந்துகொள்கிறது என்பது என் கட்சி. நண்பர்கள் இருவர் பாராட்டினார்கள். அப்போது நான் ஒரு விவாகரத்து மனுவைக்கூட முழுசாகப் படித்ததில்லை. இப்போது படித்திருக்கிறேன். அதில் ஒரு வார்த்தை என்னுடையது. இந்தக் கட்டுரை அந்த வார்த்தையைப் பற்றியது.

2018 ஜனவரியில் என் தங்கையை வக்கீலிடம் அழைத்துப்போனேன். ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடி அறை. ஆணியில் கறுப்பு கவுன், ஒரு குமாஸ்தா, அறுபது வயதைத் தாண்டிய வக்கீல். வாசகர்கள் எதிர்பார்க்கக்கூடிய வக்கீல் இல்லை அவர். அதிகம் பேசவில்லை. ‘அன்னா கரெனினா’வின் நாலாம் பாகத்தில் கரெனின் போய்ப் பார்க்கும் பீட்டர்ஸ்பர்க் வக்கீல் ஞாபகத்தில் இருக்கிறார் அல்லவா, கட்சிக்காரரின் அவமானத்தைக் கேட்டுக்கொண்டே பறக்கும் அந்துப்பூச்சியைக் கையால் பிடிப்பவர். வக்கீல் என்றால் அவரைத்தான் மனசில் வைத்துக்கொண்டு படி ஏறினேன். இவர் பூச்சி எதையும் பிடிக்கவில்லை. “சம்பவங்களைத் தேதியோட எழுதிக்கொண்டு வாங்க சார். நீங்க எழுதறவராமே” என்றார்.

பதினோரு பக்கம் எழுதினேன். தங்கையின் ஏழு வருஷ வாழ்க்கையில் சம்பவம் என்று அதிகம் கிடையாது. மாப்பிள்ளை குடிப்பவரில்லை, வேறு பெண் இல்லை, வரதட்சிணைப் பேச்சு இல்லை. அவர் அவளோடு பேசமாட்டார், அவ்வளவுதான். ராத்திரி வந்து சட்டையைக் கழற்றிவிட்டு, இரண்டடி தூரத்தில் இவள் நிற்கும்போதே, அடுத்த அறையிலிருக்கும் தாயாரைப் பார்த்து, “அம்மா, சாப்பாடு போடச் சொல்லு” என்பார். தாயார், “போடும்மா” என்பார். இவள் போடுவாள். கல்யாணமான மறு வருஷம் ஆரம்பித்தது. ஏன் என்று அவளுக்குத் தெரியாது. அவருக்கும் தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம். 2016இல் அந்த அம்மாள் இறந்துபோனார். அதன் பிறகு அந்த வாக்கியமும் நின்றுபோயிற்று.

என் பதினோரு பக்கமும் இந்த மௌனத்தைச் சுற்றியே வந்தது. அதில் ‘அடர்ந்த’, ‘உறைந்த’ போன்ற வார்த்தைகள் இருந்தன. வக்கீல் பொறுமையாகக் கடைசிவரை படித்தார். பிறகு தங்கையிடம், “மாமியார் என்னிக்கும்மா தவறிப்போனாங்க?” என்று கேட்டார். அவள் சொன்னாள். குறித்துக்கொண்டார். அடுத்த வாரம் குமாஸ்தா கொடுத்த நகலில் அந்தத் தேதியைப் போட்டு, அன்று முதல் எதிர்மனுதாரர் மனுதாரருடன் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை, அதற்கு முன்பும் தன் தாயார் மூலமாகவே பேசிவந்தார் என்று இரண்டு வரி இருந்தது. மௌனத்துக்குத் தேதி கிடையாது என்று நான் நினைத்திருந்தேன். அவர் தேடி எடுத்துவிட்டார்! பதினோரு பக்கத்தில் நான் எட்டாத இடம் அது. படிவத்துக்குள் அனுபவம் சாகும் என்று சொன்னவன் வேறு யாருமில்லை.

சட்டமும் அப்படியொன்றும் கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை. 1955ஆம் வருஷத்து இந்து திருமணச் சட்டத்தில் கொடுமை என்பது பிரிந்து வாழ்வதற்கு மட்டுமே காரணம், அதுவும் கூட இருந்தால் தீங்கு வரும் என்று நியாயமாகப் பயப்படும்படியான கொடுமை. 1976 திருத்தம் அதை விவாகரத்துக்கே காரணமாக்கியது, பயம் பற்றிய நிபந்தனையையும் எடுத்துவிட்டது. கொடுமை என்ற ஒரு சொல், விளக்கம் இல்லாமல், அப்படியே நிற்கிறது. 2007இல் சமர் கோஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் மனரீதியான கொடுமைக்கு உதாரணங்கள் சொன்னபோது திட்டமிட்ட புறக்கணிப்பையும் அலட்சியத்தையும் சேர்த்துக்கொண்டது. எங்கள் வக்கீலுக்கு இதெல்லாம் அத்துபடி. இந்த மௌனம் போதும் என்றுதான் அவர் நினைத்தார்.

எனக்குப் போதவில்லை.

2015 தீபாவளிக்கு முந்தின ராத்திரி மாப்பிள்ளை அவளைக் கன்னத்தில் அறைந்தார். ஏழு வருஷத்தில் அந்த ஒரே தடவைதான். வக்கீல் அதையும் எழுதியிருந்தார்: எதிர்மனுதாரர் ஒரு முறை மனுதாரரைக் கை நீட்டி அடித்தார் என்று. “தமிழ் சரியா இருக்கா பாருங்க சார்” என்று நகலை என்னிடம் கொடுத்திருந்தார்கள். ஒற்றுப் பிழைகளைத் திருத்தினேன். இரண்டிடத்தில் ‘ஆகையினால்’ அடித்தேன். அந்த வரிக்கு வந்தபோது ‘ஒரு முறை’யை அடித்துவிட்டு ‘அடிக்கடி’ என்று எழுதினேன்.

கோபத்தில் செய்யவில்லை. யோசித்துத்தான் செய்தேன். யோசித்த விதம்தான் இங்கே விஷயம். ‘ஒரு முறை’ என்பது தகவல் ரீதியில் சரி, ஆனால் அந்த ஏழு வருஷத்துக்குப் பொய் என்று எனக்குப் பட்டது. படிக்கிறவன் ‘ஒரு தடவைதானே’ என்று தாண்டிப் போய்விடுவான். அவள் தினமும் பட்டதற்கு ஈடாக அந்த வரியில் ஒரு கனம் வேண்டும். விவரம் பொய்யாக இருக்கலாம், முழுமை உண்மையாக இருந்தால் போதும் என்பது நாம் எல்லோரும் கதையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பதுதானே. நடந்ததை அப்படியே எழுதுபவனை நிருபர் என்று நாம் கேலி செய்வதில்லையா? அந்தச் சித்தாந்தத்தைக் கையோடு கோர்ட்டுக்கு எடுத்துப்போய்விட்டேன். கதையில் அந்தப் பொய்யான விவரம் யார் மேலும் போய் விழுவதில்லை. மனுவில் எதிர்மனுதாரர் என்று ஒருவர் இருக்கிறார், அவருக்கு நகல் போகிறது.

வக்கீல் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “தங்கச்சி சொன்னாங்களா?” என்றார். தலையை ஆட்டினேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. மனுவின் கடைசியில், மேலே கண்டவை என் அறிவுக்கு எட்டியவரை உண்மை என்று மனுதாரர் கையெழுத்துப் போடவேண்டும். தங்கை முழுவதையும் படித்தாள். அந்த வரியில் அவள் விரல் நின்றது. என்னைப் பார்த்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். பார்வையில் குற்றச்சாட்டு இருந்ததாகச் சொல்லமாட்டேன். அண்ணன் செய்தால் சரியாக இருக்கும் என்ற பழக்கம் அது. குற்றச்சாட்டு இருந்திருந்தால் எனக்கு இத்தனை காலம் ஆகியிருக்காது.

வங்கி குமாஸ்தா என்பதால் ஒன்று சொல்கிறேன். காசோலையில் தொகை எண்ணில் ஒன்றாகவும் எழுத்தில் வேறாகவும் இருந்தால், 1881ஆம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18ஆம் பிரிவுப்படி எழுத்தில் உள்ளதுதான் தொகை. (நாங்கள் அதை அநேகமாகத் திருப்பி அனுப்பிவிடுகிறோம் என்பது வேறு விஷயம்.) எண் ஒன்று. எழுத்தில் நான் ‘அடிக்கடி’ என்று போட்டேன். அதுவே செல்லுபடியாயிற்று.

சட்டம் பொய்யை நிர்ப்பந்திக்கிறது என்று தப்பித்துக்கொள்ள வழி இருக்கிறது. குற்றத்தைக் காட்டினால்தான் விடுதலை என்று வைத்தால், குற்றம் தயாரிக்கப்படும். 1930களில் இங்கிலாந்தில் தயாரித்தார்கள். இவ்லின் வாவின் ‘எ ஹாண்ட்ஃபுல் ஆஃப் டஸ்ட்’ நாவலில் டோனி லாஸ்ட், சாட்சியம் உண்டாக்குவதற்காகவே ஒரு பெண்ணை அமர்த்திக்கொண்டு பிரைட்டனுக்குப் போகிறான். அதே 1934இல் ஏ. பி. ஹெர்பர்ட்டும் இந்த அபத்தத்தை ‘ஹோலி டெட்லாக்’ என்ற நாவலாக எழுதினார். அவர் எம்.பி.யுமாகி, 1937இல் சட்டத்தையே மாற்றவைத்தார். நாவலாசிரியர்கள் உருப்படியாகச் செய்த மிகச் சில காரியங்களில் ஒன்று. நம்மிடமும் 1976லேயே பரஸ்பர சம்மதம் வந்துவிட்டது. மீட்க முடியாதபடி முறிந்துபோன மணத்தை அந்தக் காரணத்துக்காகவே ரத்துச் செய்யலாம் என்று சட்டக் கமிஷன் தன் 71ஆவது அறிக்கையில், 1978இல், சொன்னது. பார்லிமெண்ட் அதைச் சட்டமாக்கவில்லை. தன் விசேஷ அதிகாரத்தில் அப்படிச் செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. சப் கோர்ட்டுக்கு அந்த அதிகாரம் இல்லை. தென் ஜில்லாக்களில் சில சாதிகளில் ‘அறுத்துக் கட்டுவது’ என்று ஒன்று உண்டு. ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்த்துத் தீர்த்துவிடுவார்கள். வழக்கத்தில் உள்ள அந்த உரிமையை 1955 சட்டமும் கை வைக்காமல் விட்டிருக்கிறது. பெண்ணுக்கு அங்கே கிடைத்தது எல்லாம் நியாயம் என்று சொல்ல வரவில்லை. அந்தரங்கத்தை எழுத்தில் வைத்துக் கையெழுத்துப் போடு என்று யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

ஆனால் இந்த வழியில் நான் தப்பிக்க முடியாது. பொய்யைச் சட்டம் கேட்கவில்லை, வக்கீலும் கேட்கவில்லை.

மாப்பிள்ளை எதிர்வாதம் தாக்கல் செய்யவில்லை. நாலைந்து வாய்தாவுக்குப் பிறகு, சேர்ந்து மனுப் போடச் சம்மதம் என்று அவர் வக்கீல் மூலம் சொல்லியனுப்பினார். 2019இல் முதல் மனு வாபஸ் ஆகி 13-பி பிரிவில் புது மனு போட்டோம். இரண்டே பக்கம். ஒரு வருஷத்துக்கு மேல் தனித்தனியாக வாழ்கிறார்கள், சேர்ந்து வாழ முடியவில்லை, பிரிய இருவரும் சம்மதிக்கிறார்கள். பெயரடை ஒன்றுகூடக் கிடையாது. நான் எதற்காக ஏளனம் செய்தேனோ அந்தச் சக்கைத் தமிழ்தான். ‘சேர்ந்து வாழ முடியவில்லை’ என்ற வரியை இரண்டு மூன்று தடவை படித்தேன். அதில் ‘ஒரு முறை’யும் இல்லை, ‘அடிக்கடி’யும் இல்லை. யார் செய்தது என்பதும் இல்லை. அது தெரியாது என்பதுதானே நிஜம். ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். 2017 தீர்ப்புக்குப் பிறகு அதைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம் என்று வக்கீல் சொன்னார். தங்கை, “இருக்கட்டும் சார், ஆறு மாசம்தானே” என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

2020 பிப்ரவரியில் தீர்ப்பு. வெளியே வராந்தாவில் குமாஸ்தாவுக்காக நின்றுகொண்டிருந்தோம். மாப்பிள்ளை வந்தார். வழக்கம்போல அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினார்.

“மச்சான், ஒண்ணு கேக்கணும். அந்த முதல் மனுவில ‘அடிக்கடி’ன்னு இருந்துது. அவளா சொன்னா?”

இதற்கு நான் இரண்டு வருஷமாகப் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். நேர்மையான பதில்தான். சொல்ல வாயெடுப்பதற்குள் தங்கை, “நான்தான் சொன்னேன்” என்றாள்.

அவர் அவள் பக்கம் திரும்பினார். “அப்படியா” என்றார். தாயார் இறந்த பிறகு நேராக அவளிடம் அவர் சொன்ன முதல் வார்த்தையாக அது இருக்கவேண்டும். பிறகு மாடிப்படி இறங்கிப் போய்விட்டார். நான் பின்னால் போயிருக்கலாம். படிகள் பன்னிரண்டோ பதினாலோதான்.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவள் உட்கார்ந்தாள். நான் ஏதோ ஆரம்பித்தேன்.

“வக்கீலுக்கு இன்னும் எவ்வளவு குடுக்கணும்ணா?” என்று கேட்டாள்.

இரண்டாயிரம் என்று சொன்னேன்.