காடியைப் புகழ்ந்த நாயகம்

கல்வராயன் மலையில் விளைந்து கள்ளக்குறிச்சி வீடுகளுக்கு வரும் சாமை அப்படியே சோறாகிவிடுவதில்லை. உமி நீக்கி, புடைத்து, கல் அரித்த பிறகே உலையில் இடவேண்டும். இத்தனையும் செய்து பரிமாறும் இல்லாளுக்கு நாம் தருவது என்ன? உப்புக் குறைந்தால் கடுஞ்சொல், ருசியாயிருந்தால் மௌனம்!

‘நாம் குறை கூறுவதில்லையே’ என்பர் சிலர். நல்லதுதான். நாயகம் (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள் என அபூஹுரைரா (ரலி) அறிவிக்கின்றார்கள். ஆனால், ஸுன்னத் அத்துடன் முடியவில்லை. ஒருமுறை நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டாரிடம் ஆணம் கேட்டார்கள். காடியைத் தவிர வேறில்லை என்றனர். அதையே வரவழைத்து, நல்ல ஆணம் என்று புகழ்ந்தபடி உண்டார்கள் என ஜாபிர் (ரலி) அறிவிக்கின்றார்கள்.

வெறும் காடிக்கே புகழுரை கிடைத்தது. ஸஹருக்கு நமக்கு முன் எழுந்து, நமக்குப் பின் உண்பவளுக்கு ஒரு நற்சொல் கிடைக்கலாகாதா? மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தாதவரே என்பது நபிமொழியன்றோ?

அருமைச் சகோதரர்களே! உண்டு எழும்போது ‘அல்ஹம்து லில்லாஹ்’ என்று கூறும் அதே நாவால், அவளிடம் ‘ஜஸாக்கில்லாஹு கைரன்’ என்றும் கூறுவோமாக! அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.