ஆளுக்கொரு ரைடு

கோடை விடுமுறை வந்தால் குடும்பத்தோடு முட்டுக்காடு எம்.ஜி.எம்., மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர் போன்ற கேளிக்கைப் பூங்காக்களுக்குக் கிளம்பிவிடுகிறோம். டிக்கெட்டுக்குக் கொடுத்த காசு வசூலாக வேண்டுமே என்று எல்லா ரைடிலும் ஏறப் பார்க்கிறோம். பந்தியில் பரிமாறிய அத்தனையையும் வாங்கிக்கொண்டு, எதையும் ருசிக்காமல் எழுந்த கதையாகிவிடுகிறது.

முதல் நாள் இரவே, வீட்டில் ஆளுக்கொரு ரைடைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அவற்றுக்குத்தான் முதல் உரிமை. மற்றதெல்லாம் நேரம் இருந்தால். கூட்டம் சேரும் ரோலர் கோஸ்டருக்குக் கதவு திறந்த கையோடு போய்விடுங்கள். நேரம் ஏற ஏற வரிசை நீளும். தலைசுற்ற வைக்கும் ராட்டினங்கள் சாப்பாட்டுக்கு முன்பே முடியட்டும். வெயில் ஏறியதும் தண்ணீருக்குள் இறங்கலாம். பருத்தி உடையோடு பல இடங்களில் தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள். நைலான் உடையைப் பையில் வையுங்கள்.

பெரிய ரைடுகளின் வாசலில் உயரம் பார்க்கும் அளவுகோல் நிற்கும். கோட்டை எட்டாத பிள்ளை மெல்லக் குதிகாலைத் தூக்கும். ஊழியர் சிரித்துக்கொண்டே கையை நீட்டி மறிப்பார். அந்த வாடிய முகத்தைத் தவிர்க்க, உயர வரம்பை முன்பே விசாரித்து வைப்பது நல்லது. பாட்டி உட்கார நிழலான ஓர் இடத்தையும் திட்டத்தில் சேருங்கள்.

எதை விடலாம் என்று வீட்டிலேயே முடிவு செய்தவர்தான் அங்கே நிம்மதியாகச் சுற்றுவார். பட்டியல் போடும் பேனாவை இந்த முறை கடைக்குட்டியிடம் கொடுங்கள்.