பழவினையும் படிக்கட்டும்

பெங்களூர் மல்லேஸ்வரத்தின் கோயில் தெருவில் ஒரு பக்கம் படியேறினால் காடு மல்லேஸ்வரர். எதிரே படியிறங்கினால் நந்தி தீர்த்தம். கோயிலை 17ஆம் நூற்றாண்டில் வெங்கோஜி கட்டியதாகச் சொல்வார்கள். பிறகு தஞ்சாவூரில் மராட்டிய அரசை நிறுவிய ஏகோஜியேதான் அவர். தீர்த்தமோ மண்மூடிக் கிடந்து 1997இல் தோண்டி எடுக்கப்பட்டது. இந்தத் தெருவுக்குச் சக்கர நாற்காலியிலோ ஊன்றுகோலோடோ வருபவர், நம் ஊர்களில் எந்தக் கோயில் வாசலிலும் கேட்கக்கூடிய பேச்சைத்தான் இங்கும் கேட்பார். கன்னடத்தில் ‘ஹணெபரஹ’ என்பார்கள், தமிழில் ‘தலையெழுத்து’ என்பார்கள். ‘பாவம், போன ஜென்மத்துல என்ன பண்ணினாங்களோ’ என்று சொல்பவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. உச்சுக்கொட்டிவிட்டு, சில சமயம் பத்து ரூபாய்த் தாளை மடியில் வைத்துவிட்டும் போவார். அர்ச்சனைச் சீட்டு வாங்கும் இடத்தில் ‘இவங்களுக்கு என்ன நட்சத்திரம்?’ என்ற கேள்வி நாற்காலியைத் தள்ளி வந்தவரிடம் போகும். நட்சத்திரத்துக்கு உரியவர் இரண்டடி தள்ளி, அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே அமர்ந்திருப்பார். இதற்கெல்லாம் பின்னால் ஒரு பெரிய தத்துவம் நிற்பதாக நாம் நம்புகிறோம். கர்மக் கொள்கை இந்த நடத்தைக்கு இடம் கொடுக்கிறதா? இல்லை என்பது என் வாதம். மறுபிறவியை நம்பாதவரிடம் இதைச் சொல்வது எளிது. நான் பேச விரும்புவது அதை முழுமனதோடு நம்புகிறவரிடம்.

கீதையின் நான்காம் அத்தியாயத்தில், கர்மத்தின் போக்கு அறிவதற்கு அரிது என்று கண்ணனே சொல்லிவிடுகிறான். புத்தர் இன்னும் வெளிப்படையாகப் பேசினார். மனிதர் படும் இன்பதுன்பம் எல்லாமே முன்வினையால்தானா என்று மோளிய சீவகர் என்பவர் கேட்டபோது, பித்தம், கபம், வாதம், பருவ மாற்றம் என்று எட்டுக் காரணங்களை அடுக்கி, வினையை அவற்றில் ஒன்றாக மட்டும் வைத்தார். பௌத்த நூலான சம்யுத்த நிகாயத்தில் இந்த உரையாடல் இருக்கிறது. யோவான் நற்செய்தியில், பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டி, பாவம் செய்தவர் இவரா, இவரைப் பெற்றவர்களா என்று சீடர்கள் கேட்க, இருவருமில்லை என்கிறார் இயேசு. ஒருவர் உடலைப் பார்த்து அவருடைய பாவக்கணக்கைப் படித்துவிடலாம் என்ற துணிச்சலுக்கு இவற்றில் எங்கும் ஆதரவு இல்லை. ஆனால் மனுஸ்மிருதி, எந்தப் பாவத்துக்கு எந்தக் குறை என்று பட்டியலே போட்டிருக்கிறதே என்று கேட்கலாம். போட்டிருக்கிறது, உண்மை. அந்தப் பட்டியல் வருவது பிராயச்சித்தம் பற்றிய அத்தியாயத்தில். தன் குற்றத்தைத் தானே எண்ணிப் பார்த்துக் கழுவாய் தேடுகிறவனுக்கு அது. அடுத்த வீட்டுக்காரரை அளக்க அதை எடுத்தபோதுதான் கேடு விளைந்தது. அதே நூல் பார்வையற்றவருக்கும் செவித்திறன் அற்றவருக்கும் சொத்தில் பங்கில்லை என்றது. ஆங்கிலேயர் காலத்து நீதிமன்றங்கள் அதையே இந்துச் சட்டமாக நடத்தின. 1928இல் ஒரு சட்டம் அந்தத் தடையைப் பெரும்பாலும் நீக்கியது. நோயோ உடற்குறையோ வாரிசுரிமையைப் பறிக்காது என்று முழுமையாக எழுத 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் வர வேண்டியிருந்தது. வாசலில் சொல்லிவிட்டுப் போகிற ஒரு வார்த்தைதானே என்று இதை ஒதுக்க முடியாததற்குக் காரணம் இதுதான்: அந்த வார்த்தையோடு ஒத்துப்போன ஒரு நினைப்பு ஒரு காலத்தில் நிலத்தையும் வீட்டையும் பறித்தது.

மல்லேஸ்வரத்தின் வரலாறே இங்கே எனக்குப் பெரிய சான்று. 1898இல் பெங்களூரைப் பிளேக் தாக்கியது. அம்மனின் சீற்றம் என்று அன்று பலரும் நம்பினார்கள். கர்நாடகத்திலும் கோவையிலும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் எழுந்தன. ஆனால் கும்பிட்ட கையோடு யாரும் சும்மா இருந்துவிடவில்லை. நெருக்கடியான பேட்டையை விட்டு மக்கள் வெளியேற, பசவனகுடியும் மல்லேஸ்வரமும் அகலத் தெருக்களோடும், காற்றும் வெளிச்சமும் புகும் வீடுகளோடும், கழிவு அகற்ற வீட்டுப் பின்புறச் சந்துகளோடும் வளர்ந்தன. நோயில் விழுந்தவர்களைப் பார்த்து ‘அவரவர் வினை’ என்று சொல்லி அந்தத் தலைமுறை தெருவை அப்படியே விட்டிருந்தால் ‘கிராஸ்’, ‘மெயின்’ என்று பெயர்பெற்ற இன்றைய தெருக்கள் இருந்திருக்காது. பக்தியும் வடிகாலும் ஒரே மனதில் முரணின்றி இருந்தன. பிளேக் எல்லோரையும் அச்சுறுத்தியது, நடக்க முடியாமை சிலரை மட்டுமே பாதிக்கிறது, இரண்டும் ஒன்றாகுமா என்று ஒருவர் மறுக்கலாம். முதியவர்கள் நிறைந்த மல்லேஸ்வரத்தில் இந்த மறுப்பு அதிகம் நிற்காது. மூட்டு தேய்ந்தால் எல்லோருக்கும் படி படிதான். இருந்தாலும் என் வாதத்தை அதன்மேல் கட்ட நான் விரும்பவில்லை. ஊர் முழுவதும் முதுமையடைந்து புரிந்துகொள்ளும்வரை இருபது வயதுப் பெண் ஒருத்தி வாசலில் காத்திருக்க வேண்டும் என்பது நியாயமாகாது.

நம் பக்தி இலக்கியத்திலேயே இதற்கு அருமையான சாட்சி உண்டு, முழுதாகப் படித்தால். பெரியபுராணத்தின் தண்டியடிகள் பிறவியிலேயே கண் பார்வை இல்லாதவர். திருவாரூர்க் கமலாலயக் குளம் தூர்ந்து சுருங்குவதைக் கண்டு தானே தோண்டிப் பெரிதாக்கப் புறப்பட்டார். குளத்துக்குள் ஒரு கழி, கரையில் ஒரு கழி, இரண்டுக்கும் நடுவே கயிறு. கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கி மண்ணை வெட்டி, தடவிக்கொண்டே ஏறிக் கொட்டினார். சமணர்கள் அவர் குறையைச் சொல்லி ஏளனம் செய்ததோடு, கருவிகளையும் பிடுங்கிக்கொண்டார்கள் என்கிறது கதை. முடிவில் அவருக்குப் பார்வை வருகிறது, ஏளனம் செய்தவர்களுக்குப் போகிறது. சமயப் பூசல் எழுதிய அந்த முடிவு எனக்கு உவப்பானதல்ல. பார்வையின்மை அங்கே தண்டனையாகிவிடுகிறது, அதோடு வாசலில் கேட்கும் அதே பேச்சுக்குப் புராணமும் துணைபோய்விடுகிறது. ஆனால் அற்புதம் நடப்பதற்கு முன்பே குளம் வெட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. அந்த அடியாருக்கு வேண்டியிருந்தவை இரண்டு கழிகளும் ஒரு கயிறும்தான். அவர் வேலை நின்றது கண்ணால் அல்ல, கயிற்றைப் பறித்த கைகளால். இன்று நடைபாதையில் ஸ்கூட்டரை நிறுத்துகிறவரும், மெட்ரோவில் லிஃப்ட் உண்டே என்று சொல்லிவிட்டு நிலையத்துக்கு வெளியே உடைந்த கல்லைக் கவனிக்காதவரும் செய்வது அதே வேலைதான். ஒருவரின் கால் இப்படி இருப்பதற்குப் பழவினை காரணம் என்று வாதத்துக்கு ஒப்புக்கொண்டாலும், அந்த ஸ்கூட்டர் அங்கே நிற்பதற்கு அவருடைய பழவினை எப்படிக் காரணமாகும்? அது நிறுத்தியவருடைய இந்தப் பிறவிச் செயல்.

வினைக்கொள்கை பலருக்கு ஆறுதல் தருகிறது, அதைப் பறிக்கலாமா என்ற கேள்வியை நான் மதிக்கிறேன். தன் வாழ்வைப் பற்றித் தானே ‘என் வினை’ என்று சொல்லிக்கொள்பவர் ஒரு பாரத்தை இறக்கி வைக்கிறார். அதில் தலையிட எனக்கு உரிமையில்லை. அடுத்தவர் அதைச் சொல்லும்போது இறங்குவது சொல்பவருடைய சொந்தப் பொறுப்பு. தர்மம் செய்வது புண்ணியமாயிற்றே என்பாரும் உண்டு. கேட்காதவர் மடியில் காசு வைப்பதால் அவர் அர்ச்சனைக்கு வந்த பக்தர் என்பது மறைந்து, கொடுப்பவரின் புண்ணியத்துக்குக் கருவியாகிவிடுகிறார்.

கடைசியாக எழுவது ஆகமமும் பழமையும் பற்றிய தயக்கம்: பழைய கோயிலில் கல்லைத் தொடலாமா? கருவறைக்குள் யார் போவது என்பது வேறு வழக்கு. இங்கே கேட்பது பக்தர் நிற்கும் இடம்வரை போக ஒரு வழி. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மக்கள் வந்துபோகும் பொதுக் கட்டடங்களில் சமயக் காரியத்துக்கான கட்டடங்களையும் சேர்த்தே எண்ணுகிறது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்க வேண்டும் என்று ராஜீவ் ரத்தூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சரிவு என்பது பொறியாளர்களின் கணக்கு. பல படிகள் உள்ள இடத்தில் அது நீளமாகும், திருப்பி வளைக்க வேண்டிவரும், சில இடங்களில் லிஃப்ட்தான் வழி. பழைய கல் ஒன்றையும் பெயர்க்காமல், பிரித்தெடுக்கக்கூடிய மரச்சரிவாகவோ இரும்புச்சரிவாகவோ அமைக்கலாம். திருவிழாவுக்குப் பந்தலும் தடுப்புக் கட்டைகளும் ஓரிரு நாளில் போட்டு எடுக்கிற நிர்வாகங்களுக்கு இது கைவராத வேலையல்ல. பட்ஜெட் எழுதும் கூட்டத்தில் சக்கர நாற்காலியில் வரும் பக்தர் ஒருவரையும் உட்கார வைத்து, சரிவு எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்று அவரிடமே கேட்கட்டும்.